இரண்டு மூலையிலும் சக்கை

இன்று மதியம் திரும்பி வந்த டப்பாக்களைக் கழுவப் போடும் முன் ஒன்றைத் திறந்தேன். எவர்சில்வர் சூட்டில் அடைபட்டிருந்த சாம்பார் வாடை மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு பருக்கை மிச்சமில்லை. இந்த மூலையில் மூன்று முருங்கைக்காய்ச் சக்கை, எதிர் மூலையில் இரண்டு. இரண்டு குவியலுக்கும் பக்கத்தில் தனித்தனியாகக் கறிவேப்பிலை. நடுவில் துடைத்து வைத்ததுபோல் காலி. ஒரே ஆள் சாப்பிட்ட டப்பாவில் சக்கை ஒரே இடத்தில்தான் கிடக்கும். எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேர் சாப்பிட்டால்தான் இப்படிப் பிரியும். இதை முதலில் பார்த்தவள் நீ. நீ சொல்லியும் பார்க்காதவள் நான்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எழுதி எங்கே அனுப்பப்போகிறாய் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. பக்கத்தில் நிரப்பித் தர வேண்டிய ஒரு பாரம் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவாவது எதையாவது எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் சுரங்கக் காண்ட்ராக்டர் ஆபீசிலிருந்து ஒரு பெண் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வருஷ ஒப்பந்தத்துக்குச் சாப்பாட்டு விலையை முடிவு செய்ய வேண்டுமாம். தொழிலாளர்களிடம் ஏற்கெனவே நிரப்பி வாங்கிவிட்டார்களாம். அதே பாரத்தில் நானும் ஒரு விலை எழுதி, கையெழுத்துப் போட்டு, நாளைக்குள் தர வேண்டுமாம். முதல் கேள்வியைப் படித்தேன். 'இந்தச் சாப்பாட்டுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்?' ஒவ்வொரு வருஷமும் வருகிற பாரம்தான், ஒவ்வொரு வருஷமும் அந்த வரியிலேயே நின்றுவிடுகிறேன். ஏனென்றால் அது என் கேள்வி. நெய்வேலியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்று, எழுத்துப்பிழை பார்த்து, நான் டைப் அடிக்க வைத்த கேள்வி. அவர்கள் மேலே தங்கள் முத்திரையை மட்டும் போட்டுக்கொண்டார்கள். நான் பின்னிய வலையில் நானே உட்கார்ந்திருக்கிறேன் என்றால் நீ சிரிப்பாய். சிரி.

உன்னை முதலில் பார்த்தது எங்கள் பிளாக்கில் ஒரு சீமந்தத்தில். சமையல் ஆட்களோடு குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாய். பந்தியில் மூன்றாம் முறை ரசம் கேட்ட என் வீட்டுக்காரரை நீ ஏற இறங்கப் பார்த்து, "சார், சோத்தையும் கொஞ்சம் துன்னுங்க, ரசத்த மட்டும் குடிச்சிகினே இருந்தா எப்படி?" என்றாய். பந்தியே சிரித்தது. அவர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். வீட்டில்கூட அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. எனக்கு உன்னை அப்போதே பிடித்துப்போயிற்று.

நான் அப்போது குவார்ட்டர்ஸ் சுவர்களைப் பார்த்தே பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தவள். எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்துவிட்டு ஷிப்ட்டுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுப்பது ஒன்றே வேலை. ஷிப்ட் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் படுக்கிற வாழ்க்கை. ஒருநாள் உன்னைத் தேடிக் குறிஞ்சிப்பாடிக்கே வந்து, "சேர்ந்து சாப்பாட்டுக் கடை போடலாமா? பாதி உனக்கு, பாதி எனக்கு" என்று கேட்டேன். நீ உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. "எனுக்கு சமைக்கத் தெரியும். உனுக்கு இன்னா தெரியும்க்கா?" என்றாய். விலை போடத் தெரியும் என்றேன். படித்த கொழுப்பு.

மந்தாரக்குப்பம் போகும் ரோட்டில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை செய்கிற ஆட்களுக்கு மதியச் சாப்பாடு. சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல், மோர். எந்த விலைக்கு விற்பது என்பதுதான் கேள்வி. நான் பாரம் அடித்துக்கொண்டு, முதல் ஷிப்ட் பஸ் நிற்கிற ஒவ்வொரு ஸ்டாப்பாகப் போனேன். டவுன்ஷிப்பில் தெரிந்த முகங்கள், மரியாதையான மனிதர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் பதில் சொன்னார்கள். "அறுபது தாராளமா கொடுக்கலாம்மா. இந்தக் காலத்துல அறுபது என்ன பெரிய விஷயம்?" என்றார் ஒரு பெரியவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாரங்களை நீயும் நானும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்.

"அக்கா, கம்பெனி பஸ்ல போறவன் எல்லாம் பர்மனென்ட் ஆச்சே. அவனுக்குத்தான் உள்ள கேன்டீன் இருக்குதே. அவன் எதுக்கு நம்ம டப்பாவ வாங்கப்போறான்?"

காண்ட்ராக்ட் ஆட்கள் அந்த பஸ்ஸில் ஏற முடியாது. சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டும் வருகிறவர்கள். இந்த ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு பஸ் ஸ்டாப் என்றால் கம்பெனி பஸ் ஸ்டாப்தான் கண்ணில் பட்டது. வாங்கவே போகாதவனிடம் விலை கேட்டால் அவன் தாராளமாகத்தான் சொல்வான், அவன் கையை விட்டு எதுவும் போவதில்லை.

ஒப்புக்கொள்ள மனம் வராமல் மறுநாள் மைன்ஸ் கேட் பக்கம் போய், காண்ட்ராக்ட் ஆட்களையே கேட்டேன். அந்த நேரம் பார்த்துக் காண்ட்ராக்டரும் அங்கே நின்றார். "அறுபது சரியா வருமா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "சரிங்க மேடம்." "நீங்க சொன்னா சரிதாங்க மேடம்." எல்லாப் பாரத்திலும் அறுபது. திரும்பி வந்து உன் முன்னால் வீசினேன். நீ தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"உன்கிட்ட போயி எவன் எனுக்குக் கட்டாதுன்னு சொல்லுவான்? நீ சார் வூட்டம்மா. பக்கத்துல காண்ட்ராக்டர் வேற நின்னுகினு இருக்கான். வடலூர் பூசத்துல நான் பந்தி வெச்சிருக்கேன்க்கா. எவ்ளோ வேணும்னு கேட்டுப்பாரு, போதும்பான். கேக்காம போடு, ரெண்டு கரண்டி உள்ள போவும்."

நீ ஒரு வழியும் சொன்னாய். ஒரு வாரம் நாற்பதுக்கு விற்போம், மறு வாரம் ஐம்பதுக்கு விற்போம், எவன் மறுநாளும் வருகிறான் என்று பார்ப்போம். இதற்கு நான் படித்த புத்தகங்களில் பெரிய பெயரெல்லாம் உண்டு. காரம் தூக்கலா, சோறு குழைவா என்று தெரிய வேண்டுமானால் கேட்கலாம், மனிதர்கள் உள்ளதைச் சொல்வார்கள். விலை விஷயத்தில் வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும், அதனால் விற்றுத்தான் பார்க்க வேண்டும். பரீட்சையில் இதை எழுதி நான் மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் காண்ட்ராக்டர் திங்கட்கிழமைக்குள் முடிவு கேட்டார். உள்ளே கொண்டுபோகிற வண்டி அவருடையது, வைத்து விற்கிற இடம் அவருடையது, டப்பாவுக்கு இவ்வளவு என்று அவருக்கு ஒரு பங்கு. எனக்கும் அவசரம். எதையாவது சாதித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே அளவு, அறுபது என்று ஒரே விலை, ஒரு வருஷம். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

முதல் மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு டப்பாக்கள் பாதியாகக் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டன. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எண்ணிக்கை நிலையாக இருக்கிறது, அவ்வளவு பேருக்குத்தான் நம் சாப்பாடு வேண்டும் போல என்று நான் முடிவு கட்டினேன். பார், விற்றுப் பார்த்தாலும் மோசம் போகலாம். எத்தனை டப்பா போனது என்று பார்த்தேனே தவிர, எத்தனை வாய் சாப்பிட்டது என்று பார்க்கவில்லை.

நீதான் கழுவும் இடத்திலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாய். "அக்கா, சக்கைய பாரேன். ரெண்டு மூலையிலயும் கெடக்குது. ஒரு டப்பாவ ரெண்டு பேரு துன்றானுங்க. மண்ணு வெட்டறவனுக்கு அரை வயிறு எப்படிப் பத்தும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? எனக்கு ஒவ்வொரு நாளும் இருக்கிறது. "இதெல்லாம் டேட்டா இல்ல. சக்கையை வெச்செல்லாம் முடிவு பண்ண முடியாது" என்றேன்.

இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாய். பாதி டப்பா ஒன்று பாதி விலைக்குப் போடலாம் என்றாய். ஒப்பந்தத்தில் இல்லை என்றேன். அது உண்மைதான், காண்ட்ராக்டரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார், தன் பங்கு குறையும் என்று அவருக்குப் பயம். இன்னொரு தரம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. நீயும் அதோடு பேச்சை விட்டுவிட்டாய்.

அந்த வருஷம் முழுக்க நாம் இரண்டு பேரும் ஒரு குழிக்குள் இருந்தது போலத்தான் இருந்தது. விலையைத் தொட முடியாது, அளவைத் தொட முடியாது, விட்டுவிட்டு ஓடவும் முடியாது. வெயிலில் கொட்டகைத் தகரம் கொதிக்கும். பழுப்பு நிலக்கரித் தூள் காற்றில் வந்து உன் புடவை மடிப்பிலும் என் கண்ணாடியிலும் உட்காரும். நீ மட்டும் பாடிக்கொண்டே டப்பாவில் சோறு அமுக்கிக்கொண்டிருப்பாய். நீ ஏன் அவ்வளவு அமுக்குகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை வரை தாங்க வேண்டிய அரிசி மூட்டை வியாழக்கிழமையே தீர்ந்தது. அடுத்த வாரமும் அப்படியே. சாவி உன்னிடம்தான் இருந்தது. மூன்றாம் வாரம் எனக்குள் என்னவோ புகுந்துகொண்டது. மற்ற பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே கேட்டேன், "அரிசி எங்க போவுது?"

நீ முதலில் புரியாமல் பார்த்தாய். "டப்பாவுக்குள்ளதான்க்கா போவுது."

"டப்பா எண்ணிக்கை கூடலையே. அப்புறம் எப்படித் தீரும்?"

"தொறந்து பாருக்கா" என்றாய். நான் டப்பாவைத் திறக்கவில்லை. "உன் பையைக் காட்டு" என்றேன்.

எழுதவே கை கூசுகிறது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று வீடு தேடி வந்து கேட்டவள் நான். அந்தக் கொட்டகையில் என் பையை யாரும் காட்டச் சொன்னதில்லை. ஆணியில் மாட்டியிருந்த ஒயர் கூடையை எடுத்து என் முன்னால் கவிழ்த்தாய். ஒரு துண்டு, பஸ்ஸுக்குச் சில்லறை, காலையில் பழையது கொண்டுவந்த தூக்கு. தூக்கின் மூடியையும் திறந்து காட்டினாய். கழுவி வைத்திருந்தது. கழுவும் இடத்தில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. "சரி, எடுத்து வை" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு அடி உள்ளே வந்தால் போதும். வரவில்லை.

மறுநாள் வரமாட்டாய் என்று நினைத்தேன். எப்போதும்போல் முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாய். அடுப்பு பற்ற வைத்தாய். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து சாவியை நீட்டினாய்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்."

அக்கா போய் மேடம் ஆயிற்று. நீ போய் நீங்க ஆயிற்று. அதன்பிறகு நீ ஒருநாளும் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய், வேலையில் குறை வைக்கவில்லை, பாட்டு மட்டும் நின்றுவிட்டது. 'மேடம்' என்பது இந்த ஊரில் மரியாதைச் சொல். என் வாசலுக்குக் காய்கறி விற்க வருகிறவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அதை வைத்து உன்னிடம் நான் என்ன புகார் சொல்ல முடியும்? ஒவ்வொரு தடவை நீ அப்படிக் கூப்பிடும்போதும் ஒரு கதவு என் முகத்துக்கு நேரே மெதுவாகச் சாத்தப்பட்டது. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மூன்று மாதம் ஓட்டினேன்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. கடலூரில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடி வந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். கட்டிலைச் சுற்றி உன் ஆட்கள் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாய். "எதுக்கு மேடம் இம்மாந்தூரம் மழைல வந்தீங்க? நாளைக்கு சாப்பாடு யாரு பாக்கறது?" என்றாய். எல்லோர் முன்னாலும் உன் கூடையைக் கவிழ்க்க வைத்தவளுக்கு, எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. நாளைக்கு வருகிறேன் என்றேன். நாளைக்கு நீ இல்லை.

உன் வாசலில் பந்தலுக்கு வெளியே மைன்ஸ் ஆட்கள் ஒரு கூட்டமாக நின்றிருந்தார்கள். ஹெல்மெட்டைக் கையில் பிடித்திருந்த ஒருவர் என்னிடம் வந்து பேசினார். "மேடம், அந்த அக்கா கட்டற டப்பா கனமா இருக்கும். நாங்க ஆளுக்கு முப்பது போட்டு ஒரு டப்பா வாங்குவோம். ரெண்டு பேரு துன்னாலும் வயிறு ரொம்பும். அப்படி அமுக்கி வெக்கும்." அழுதுகொண்டே சொன்னார். அரிசி எங்கே போயிற்று என்பதற்கான பதிலை நான் உன் பந்தலில் நின்று கேட்டேன். விலைக்கான பதிலும் அதுதான். முப்பது. எவ்வளவு பாரம் அடித்தேன், எத்தனை ஸ்டாப் ஏறி இறங்கினேன்.

இப்போது ஒன்பது பெண்கள் இந்தக் கொட்டகையை நம்பி இருக்கிறார்கள். டப்பா விலை ஏறிக்கொண்டே போகிறது, ஒரே அளவு என்ற ஒப்பந்தம் மட்டும் மாறவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆபீஸ்காரர்கள் மேஸ்திரியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆட்களிடம் என் பாரத்தை நிரப்பி வாங்குகிறார்கள். எல்லோரும் தயார் என்கிறார்கள். போன வருஷம் யாரையும் கேட்காமல் மைன்ஸ் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு வாரம் பாதி டப்பா வைத்து விற்றேன், நீ சொன்ன முறைப்படி. வைத்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது, மறுநாளும் அதே முகங்கள் வந்தன. ஆபீசில் கூப்பிட்டு, ஒப்பந்தத்தை மீறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். அவர்களிடம் பாரங்கள் இருக்கின்றன, என்னிடம் சக்கை இருக்கிறது. அதனால் நானும் அமுக்குகிறேன், உன்னளவுக்குக் கை வராமல். என் வீட்டுக்காரர் பங்குனியில் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். தென்காசிக்குப் போய்விடலாம் என்கிறார். இதை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, இப்படியே நடத்தவும் முடியவில்லை.

இன்று மதியம் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் இல்லையா, அப்போது புதிதாக வந்த பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். வடலூர்க்காரி, ஆடியில்தான் சேர்ந்தாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. மூட்டை சீக்கிரம் தீந்துபோவுதே. அரிசி எங்க போவுது?"

"டப்பாவுக்குள்ளதான் போவுது" என்றேன். அவள் என் பையைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பத்துப் பன்னிரண்டு திறந்திருப்பாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு மூலையிலயும் சக்கை இருக்குதுக்கா" என்றாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். டப்பாவைத் திறந்து பார்ப்பது ஒரு நிமிஷத்தில் முடிகிற வேலை. அதைத்தான் நீ என்னிடம் கேட்டாய்.

பாரத்தில் பாதி டப்பாவுக்கும் ஒரு விலை எழுதலாமா என்று ஒன்பது பேரிடமும் கேட்டேன். ஒப்பந்தம் போனாலும் போகும் என்றேன். "ஒரு டப்பாவ ரெண்டு பேரு துன்றத எத்தினி நாளைக்குத்தான் பாத்துகினு இருக்கறது? எழுதுங்கக்கா" என்றாள் அந்த வடலூர்க்காரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். விலை எழுத ஒரே ஒரு கட்டம் இருக்கிறது. இப்போதுதான் அதன் நடுவே ஒரு கோடு இழுத்து, முழு டப்பாவுக்கு ஒரு விலை, பாதிக்கு ஒரு விலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் கிளம்பும்போது கொட்டகைச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். ஆறு வருஷமாக யாரிடமும் கொடுக்காமல் இடுப்பில் செருகி வைத்திருந்த சாவி. இடுப்பு லேசாக இருக்கிறது. நீ கொடுத்ததில் என்னிடம் மிச்சமிருப்பது அந்த 'மேடம்' ஒன்றுதான். அதை யாரிடமும் கொடுக்க முடியாது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியவள் நீ.